கட்டபெட்டு ஏற்றத்தில் நிற்காத கார்

திருப்பூரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். நான் கார் ஓட்டக் கற்றதும் அதில்தான். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்னால் நழுவாமல் வண்டியை எடுத்துக் காட்டினால் லைசென்ஸ் உறுதி என்பார் சொல்லிக்கொடுத்தவர். கிளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, இஞ்சின் பலத்திலேயே வண்டியை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். நான் நிறுத்திக் காட்டினேன். அந்த மேம்பாலத்தை நம்பி நீலகிரி ஏறியதுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த முதல் தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது.

போன காரியம் கல்யாணம். கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் புஷ்பம் அத்தை இருக்கிறாள். அப்பாவின் ஒரே தங்கை. இருவரும் சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே விட்டு வந்த தேயிலையே இங்கேயும் அவர்களுக்காகக் காத்திருந்தது. அப்பா கொஞ்ச காலம் கொழுந்து மூட்டை தூக்கிவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பூருக்கு இறங்கிச் சாயப்பட்டறையில் சேர்ந்தார். அத்தை மலையிலேயே இருந்தாள். அதே எஸ்டேட்டில் லாரி ஓட்டிய ராஜு மாமாவை அவளே விரும்பிக் கட்டிக்கொண்டாள். "போயும் போயும் லாரிக்காரனா?" என்று அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. "பஸ் வரவில்லை" என்று மட்டும் பிறகு ஆள்விட்டுச் சொன்னாராம். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டு செல்லையா என்பவர் நின்று, அத்தையைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

நான் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இந்த வருடம் அத்தையே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மக கல்யாணம்ண்ணே. அவளுக்குத் தாய்மாமன்னு நீங்க ஒருத்தர்தான். கையைப் புடிச்சு மணவறைக்கு நீங்கதான் கூட்டிட்டு வரணும். வருவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லிருங்க."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வர்றேம்மா" என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி காதருகே கொண்டுபோய், "எம் பையன் கார்ல கூட்டிட்டு வருவான்" என்றார்.

எங்களிடம் கார் கிடையாது.

கூட வேலை பார்க்கும் கார்த்தி தன் காரைக் கொடுத்தான். அவர்கள் வீட்டில் அப்பிச்சி என்று அவன் சொல்லும் தாத்தா காலத்திலிருந்தே கார் உண்டு. சாவியை நீட்டுவதுகூட அவனுக்குப் பேனாவை நீட்டுவது போலத்தான். "கியரே கெடையாது மச்சி, ஆட்டோமேடிக். மேட்டுல நின்னாக்கூட அதுவே புடிச்சுக்கும்" என்றான். எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தெரியாததைத் தெரியாது என்று கேட்டுக் கேட்டுத்தான் படித்து வந்தேன். காரைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கேட்டால் எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை என்று தெரிந்துவிடுமாம்! அது ஆபீசில் டீ கொண்டுவரும் அண்ணன் வரைக்கும் தெரிந்த விஷயம்.

அம்மா இரண்டு நாள் முன்பே பஸ்ஸில் போய்விட்டாள். "கல்யாண ஊட்டுக்கு விருந்தாளி மாதிரி கடைசில போனா நல்லாவா இருக்கும்? நீங்க ராசா மாதிரி கார்ல வாங்க" என்று முறுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை புறப்பட்டோம். மேட்டுப்பாளையத்தில் மாலை வாங்கினோம். மணவறைக்குப் போகும் பெண்ணுக்குத் தாய்மாமன் போட வேண்டிய மாலை. அப்பா கடை கடையாகப் போய்ப் பார்த்து, ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய கனமான ஒன்றை எடுத்தார். பூக்காரர் ஈரத்துணி சுற்றி வாழை இலையில் பொதிந்து கொடுத்தார்.

"மேல குளிருங்க, நாளைக்கும் வாடாது. வெயில்ல மட்டும் நிப்பாட்டி வெச்சராதீங்க."

மலைப்பாதை நான் பயந்தது போல இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தக் காரைப் போலச் சொகுசு கிடையாது. மிதித்தால் போகிறது, வளைவில் தானே மூச்சைப் பிடித்து ஏறுகிறது. அப்பா முன்சீட்டில் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து வளைவு தாண்டியதும் ஒரு கையை விட்டார். இன்னும் கொஞ்சம் போனதும் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒரு திருப்பத்தில் டீக்கடை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தேத்தண்ணியா இது? தூசி."

கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க பெரியவரே, தேயிலைக்கு நடுவுல கடை போட்டிருக்கறேன். என்னைப் போயி தூசிங்கறீங்களே."

"நடுவுல போட்டா? நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும். நமக்குக் கூட்டி அள்ளுனதுதான். நானும் கொழுந்து தூக்குனவன்தான்யா."

"அப்பிடிச் சொல்லுங்க. நம்மாளு." கடைக்காரர் சிரித்துக்கொண்டே அப்பாவின் டம்ளரை மறுபடி நிரப்பினார். "இந்தாங்க, கூட்டி அள்ளுனதுல இன்னுங் கொஞ்சம்."

அப்பா அதையும் குடித்தார். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைத் தொட்டுத் தொட்டு, தூசி என்று சொன்ன வாயாலேயே ரசித்துக் குடித்தார்.

கோத்தகிரியில் லாட்ஜ் எடுத்தோம். நேராக அத்தை வீட்டுக்கே போயிருக்கலாம். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தாய்மாமன் சீரோடு வந்து இறங்க வேண்டும். வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளே கால் வைப்பது. முந்தின நாளே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டால் மறுநாள் எதற்கு ஆரத்தி?

மாலையில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டைக்கோஸ், காரட் பொரியல். அந்தக் காரட்டைத் தின்றதும், இத்தனை நாளாகத் திருப்பூரில் காரட் என்ற பேரில் எதைத் தின்றோம் என்ற சந்தேகம் வந்தது. பக்கத்து மேசையில் வயதான இரண்டு பேர் படுக மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையில் இருந்த காலத்தில் கற்றது அப்பாவுக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. காதில் விழுந்ததை எனக்குத் தணிந்த குரலில் மாற்றிச் சொன்னார்: "இந்த மழை கெழங்குக்கு ஆகாதுங்கறாரு. மத்தவரு, ஒன் கெழங்குக்கு எதுதான்டா ஆயிருக்கு, வெயிலடிச்சாலும் அழுவுறியேங்கறாரு." அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சட்டென்று அப்பளத்தை நொறுக்கினார்.

லாட்ஜ் வாசல் நல்ல சரிவு. சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை உள்ளே ஏற்றும்போது கேட்டைத் திறப்பதற்காக நின்றேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஒரு கணம் நின்றது. அதுவே பிடித்துக்கொள்கிறது என்று நான் சந்தோஷப்பட்ட அடுத்த கணம் பின்னால் உருண்டது.

"தம்பி, தம்பி, பூச்சட்டிங்க!" என்று வாட்ச்மேன் கத்தினார். நான் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். நின்றது. மிதித்த அளவிலேயே காலை வைத்திருந்தேன். முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அந்தரத்தில் நின்றது. எனக்கு மேம்பாலம் ஞாபகம் வந்தது. அடடா, இதுதானே, இது நமக்குத் தெரிந்த வித்தைதானே என்று நினைத்தேன். மேட்டில் நின்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா எனக்கு முன்னால் குளித்துப் புது வேட்டி கட்டித் தயாராக இருந்தார். அறையில் இரண்டு கட்டிலுக்கு நடுவே நடக்கிற அளவு இடம். "இங்க வா" என்று என் வலது கையைப் பிடித்தார். கதவிலிருந்து ஜன்னல் வரை மெல்ல நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"என்னப்பா?"

"பொண்ணு கூறைச்சீலையில வரும். கால் தடுக்கும். வேகமாப் போயிரக் கூடாது." இன்னொரு தடவை நடந்தோம். "கை சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?"

"சில்லுன்னுதான் இருக்கு."

அவர் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டார்.

நேரம் தாராளமாக வைத்துத்தான் கிளம்பினோம். கட்டபெட்டு போகும் வழியில் ஓர் ஏற்றத்தில் மழைக்குச் சரிந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சாலைதான் திறந்திருந்தது. சேலை மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் கட்டிய ஓர் அக்கா சிவப்புக் கொடியைக் காட்டி எங்களை நிறுத்தினாள். மேலே இருந்து வரும் வண்டிகளை விட்டுவிட்டு, பச்சைக் கொடி காட்டி எங்கள் பக்கம் கொஞ்சம் விடுவாள். மறுபடி சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுற்றுலா வேன்கள் வேறு. நகர்வதும் நிற்பதுமாக ஏறினோம்.

எனக்குப் பின்னால் காரட் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் அதன் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. உருண்டால் அதன் மேல்தான். நான் ஆக்சிலேட்டரில் காலை வைத்து அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டிருந்தேன். இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

கொடி அக்கா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "ஏங்க தம்பி, காலையிலருந்து நிக்கற நானே சும்மா நிக்கறேன். உங்க வண்டி ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

"ஆட்டோமேடிக்குக்கா" என்றேன், அது ஒரு பதில் என்பது போல.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. அப்பா மூக்கைச் சுருக்கினார். "தம்பி, நம்ம வண்டியா?"

"முன்னாடி லாரிப்பா."

லாரி போய்விட்டது. வாடை போகவில்லை. அப்புறம் எதிரே டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஏதோ கீச்சிட்டது, காலில் இருந்த பிடி விட்டுப்போனது. எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி பின்னால்தான் போனது. நான் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஜீப்பின் பம்பரில் 'டொக்' என்று இடித்து நின்றோம்.

ஜீப் டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். தலையை வெளியே நீட்டினான். "ஏனுங்கண்ணா, காரட் மேல ஏறி உக்காந்து ஊட்டி போலாம்னு உத்தேசமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இறங்கிவிட்டார். புது வேட்டியோடு ஓரத்துச் சேற்றில் கால் வைத்து, சுவர் கட்டக் குவித்திருந்த கல்லில் ஒன்றைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். மலையில் லாரி நின்றால் கூட இருப்பவன் செய்கிற முதல் வேலை அதுதான். நிமிர்ந்தபோது வேட்டியின் முன்பக்கம் ஒரு முழத்துக்குச் செம்மண். அவர் அதைக் கவனிக்கவில்லை. "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே? பையன் நண்பனோட வண்டி" என்று ஜீப்காரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜீப்காரனும் சுவர் கட்டுகிறவர்கள் இரண்டு பேரும் தள்ளி ஓரங்கட்டிக் கொடுத்தார்கள். நான் பானெட்டைத் திறந்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் திறந்தேன். உள்ளே என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. கார்த்திக்குப் போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை.

அம்மாவின் போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம்.

"எங்க கண்ணு இருக்கீங்க? புள்ளைய மேடைக்குக் கூப்புடப் போறாங்க."

வண்டி நின்றுவிட்டது, ஆளை அனுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எஸ்டேட் அங்கிருந்து நான்கு திருப்பம். ஆனால் 'எம் பையன் கார்ல கூட்டிட்டு வருவான்' என்று அப்பா சொன்ன கார் அது. அந்தக் கல்யாணப் பந்தலில் எல்லாரும் அந்தக் காரைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்கள். நான் சொன்னேன்: "இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துருவோம்மா."

இதுதான் அந்த இரண்டாவது தவறு. அதை நான் மறுபடியும் செய்தேன். அடுத்த போனுக்கும் அதே ஐந்து நிமிடம்தான். அதற்கு அடுத்ததற்கு, "கடைசி வளைவுல வந்துட்டோம்" என்றேன்.

அதற்கு நடுவில்தான் பஸ் வந்தது. கோத்தகிரியிலிருந்து வருகிற பஸ். சிவப்புக் கொடிக்கு எங்கள் பக்கத்திலேயே நின்றது. பாதி சீட் காலி. படியில் நின்ற கண்டக்டர் அப்பாவையும், பின்சீட்டில் வாழை இலைப் பொதியையும் பார்த்தார்.

"கல்யாணங்களா பெரியவரே? எங்க?"

"கட்டபெட்டுகிட்ட. எந் தங்கச்சி மக."

"மாமன் இங்க நின்னா பொண்ணு எங்க நிக்கும்? ஏறுங்க. எஸ்டேட் வாசல்லயே எறக்கி உடறேன். தம்பி பின்னாடி வரட்டும்."

அப்பா பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "இப்ப சரியாயிரும்ண்ணா" என்று நான் கண்டக்டரிடம் சொன்னேன். ஏறிக்குங்கப்பா என்று சொல்லவில்லை. மாலையை எடுத்து அவர் கையில் கொடுக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி" என்றார் அப்பா கண்டக்டரிடம். "எம் பையன் கார்ல கூட்டிட்டுப் போறான்."

பச்சைக் கொடி விழுந்தது. பஸ் போனது. அப்பா வாழை இலைப் பொதியை வெளியே எடுத்து, வெயில் படாமல் தன் நிழலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூடு ஆறியதும் வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது. அப்பா சக்கரத்தடிக் கல்லை எடுத்து, மறக்காமல் குவியலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து ஏறினார். "அப்பிடியே ரோட்டுல உட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி" என்று கொடி அக்கா அவரைப் பாராட்டினாள்.

எஸ்டேட்டின் மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல். நாங்கள் இறங்கும்போது மேளம் ஓய்ந்திருந்தது. பந்தியில் இலை விரித்திருந்தார்கள். வாசலில் ஒரு ஸ்டூல் மேல் ஆரத்தித் தட்டு அப்படியே இருந்தது. கரைத்த சிவப்பு நீரில் சூடம் நனைந்து கிடந்தது. மாலையும் கழுத்துமாக மணப்பெண் யாரோடோ சிரித்து போட்டோவுக்கு நின்றாள். மேடை ஓரம் வயதான ஒருவர் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். சொல்லாமலே தெரிந்தது, செல்லையா. அத்தைக்குச் செய்ததை அவள் மகளுக்கும் செய்துவிட்டு அவர் சங்கடமாக எழுந்து நின்றார்.

அத்தை வந்தாள். அவளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அப்பாவின் முகத்தையே சேலை கட்டி நிறுத்தியது போல இருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. வேட்டிச் சேற்றைப் பார்த்தாள்.

"கார் நின்னு போச்சும்மா" என்றார் அப்பா.

"அப்பிடியாண்ணே." சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னைக்கு பஸ்ஸு வரல. இன்னைக்கு காரு நின்னு போச்சு."

அப்பா அன்றைக்குச் சொன்ன பொய்யும் இன்றைக்குச் சொன்ன உண்மையும் ஒரே மாதிரி இருந்தன. பஸ் வந்தது என்பதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும். நான் பக்கத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையை நீட்டினார். அத்தை வாங்கிப் பொதியைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பூகூட வாடவில்லை. "அவ கழுத்துல செல்லையாண்ணன் போட்டது இருக்கு. எடுக்கக் கூடாது. இதை அம்மனுக்குப் போட்டுருங்க." அப்பா கோயிலுக்குள் போய்ப் பூசாரியிடம் கொடுத்தார். மேட்டுப்பாளையத்தில் அவ்வளவு தேடி எடுத்த மாலை. அம்மனுக்கு அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

பந்தியில் அத்தையே பரிமாறினாள். தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தனியாகச் செய்து வைத்திருந்தாள். இலங்கையில் அவர்கள் அம்மா செய்கிற பக்குவமாம். அப்பாவின் இலையில் ரொட்டி தீரத் தீரப் போட்டாள். அப்பாவும் போதும் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ரொட்டிதான் போய் வந்துகொண்டிருந்தது.

அம்மா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "அஞ்சு நிமிசம்னு நீ சொன்னதை நான் அவகிட்டச் சொன்னேன். அவ ஐயர்கிட்டச் சொன்னா. ஐயரும் பாவம், மந்திரத்தை இழுத்து இழுத்துப் பாத்தாரு. அப்பறம் மறுக்காவும் அதே அஞ்சு நிமிசம். 'அண்ணி, உங்க வூட்டுக்காரரு கெளம்பியே இருக்க மாட்டாரு'ன்னுட்டு அவளே செல்லையாவைக் கூப்புட்டுட்டா. நெசத்தைச் சொல்ல என்ன கண்ணு உனக்கு?"

ராஜு மாமா கை கழுவ வந்தவர் காதிலும் அது விழுந்தது. அப்பா வேண்டாம் என்று சொன்ன அந்த லாரிக்காரர். என் தோளில் ஈரக்கையை வைத்தார். "ஒரு போன் போட்டிருந்தா ஜீப்ப எடுத்துட்டு வந்திருப்பேனே மாப்ள. பந்தலுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. நாலு வளைவு." அவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. வராமல் போன ஜீப்புக்காக அவர்தான் வருத்தப்பட்டார்.

பிற்பகலில் கார்த்தி கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன், ஆக்சிலேட்டர் வரைக்கும் மட்டும்.

"டேய், மேட்டுல ஆக்சிலேட்டர்லயா நிறுத்துன? மிதிக்கத்தான் கிளட்ச் இல்ல, உள்ள இருக்குடா, சூடாயி கருகிப் போயிரும். பிரேக்க மிதிச்சுட்டு உக்காரு. ரொம்ப நேரம்னா ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டு நியூட்ரல்ல விடு. எடுக்கறப்ப ஆக்சிலேட்டரக் குடுத்துட்டு ஹேண்ட்பிரேக்க விட்டா நழுவாது."

"அதுவே புடிச்சுக்கும்னு சொன்னியே."

"ரெண்டு செகண்டுக்குடா. பிரேக்குலருந்து ஆக்சிலேட்டருக்குக் கால மாத்தற வரைக்கும். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்டிருந்தால் ராஜு மாமாவும் வந்திருப்பார்.

அன்று அத்தை வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில் பாய் போட்டார்கள். சாயங்காலம் அப்பாவும் அத்தையும் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசினார்கள். இந்தப் பக்கத்து விஷயம் எதையும் இருவரும் எடுக்கவில்லை. மணப்பெண் வந்து அப்பாவின் காலில் விழுந்தாள். எழுப்பிவிட அவள் கையைப் பிடித்த அப்பா கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். "ஏன் மாமா கை இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் இறங்கினோம். அம்மா பின்சீட்டில், அவள் மடியில் அத்தை கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலம். அதே சுவர் வேலை. அதே அக்கா. சிவப்பு. இந்தத் தடவை இறக்கத்தில் நின்றோம். பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நியூட்ரலில் விட்டேன். கார் நின்றது. உறுமல் இல்லை, வாடை இல்லை. ஒரு பூச்சட்டி போல நின்றது.

அப்பா என் காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்பா."

கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. எங்களைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. ஜன்னலில் அதே கண்டக்டர். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு குனிந்தார்.

"என்னங்க பெரியவரே! நேத்து அவ்வளவு கூப்புட்டும் ஏறமாட்டேன்னுட்டீங்க. கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தீங்களா இல்லியா?"

"சேந்துட்டோம் தம்பி" என்றார் அப்பா. முழங்கையைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக்கொண்டார். "எம் பையன் கரெக்டாக் கொண்டு போயி எறக்கிட்டான்."

பஸ் போய்விட்டது. பின்சீட்டில் பொட்டலக் காகிதம் சரசரத்தது. அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து பஸ்ஸு வந்துச்சுங்களா?"

"வந்துச்சு" என்றார் அப்பா, சாலையைப் பார்த்துக்கொண்டே. "ஒரே கூட்டம். நிக்க எடமில்ல."

கொடி அக்கா பச்சையைக் காட்டினாள். பின்னால் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. என் கால் பிரேக்கிலேயே இருந்தது. கார் துளி அசையவில்லை.